துரை நாற்காலியைச் செய்யக் கொடுக்கும் முன்

வெள்ளைக்காரன் காலத்து மரச்சாமான் என்றதும் பலர் கேட்பது அந்த நீளக் கை சாய்வு நாற்காலியைத்தான். தோட்டத் துரைமார் பங்களா வராந்தாவில் போட்டு, கைப்பிடிக்கு அடியிலிருந்து சுழற்றி இழுத்த பலகைகளில் காலைத் தூக்கி வைத்துச் சாய்ந்த நாற்காலி அது. பழசு வேண்டுமென்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் தேடலாம். புதிதாக வேண்டுமென்றால் மதுரையிலேயே நல்ல ஆசாரியிடம் கொடுக்கலாம். போனில் படத்தைக் காட்டி "இதே மாதிரி" என்று சொல்லிவிட்டு வந்தால் மட்டும் காரியம் கெடும்.

முதலில் இடம். கால் பலகையை இழுத்துவிட்டால் நாற்காலிக்கு ஐந்தடி வேண்டும், சுற்றி நடக்க இன்னும் இரண்டடி. பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில் ஒன்றுதான் போடலாம். தினத்தாளைத் தரையில் விரித்து அளவு பார்த்துவிட்டுப் பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். அதே ஹாலில் பித்தளை மூலை அடித்த பெட்டி அலமாரி, தொப்பி மாட்டும் ஸ்டாண்டு, பளிங்கு மேஜை எல்லாம் சேர்ந்தால் வீடு பழைய சாமான் கடை ஆகிவிடும்.

அளவு: உட்காரும் சட்டம் முன்பக்கம் தரையிலிருந்து 15 அங்குலம், பின்பக்கம் 10, உள் அகலம் 22. பின்பக்கத்தை 13க்கு உயர்த்திவிட்டால் சாய்வு போய்விடும், பார்க்க மட்டும் துரை நாற்காலி. கைப்பலகை ஒன்றேகால் அங்குலக் கனத்துக்குக் குறையக் கூடாது. காலின் பாரம் முழுக்கக் கைப்பலகையின் நுனியில் இறங்குவதால், கால் பலகை சுழலும் இடத்தில்தான் அது பிளக்கும். அங்கே ஸ்க்ரூ போட்டால் ஆறே மாதத்தில் ஆடும். வாஷரோடு போல்ட் போடச் சொல்லுங்கள்.

மரம் தேக்கு. ஒரு நாற்காலிக்குக் கழிவு சேர்த்து ஒன்றரை முதல் ஒன்றேமுக்கால் கன அடி பிடிக்கும். ஈட்டி மரத்தை (ரோஸ்வுட்) காக்கத் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே போட்டிருந்தார்கள். அதனால் மலிவு விலையில் "ஈட்டி" என்று யாராவது நீட்டினால் அது பெரும்பாலும் சாயம் ஏற்றிய வேறு மரம். வீடு இடித்த இடத்துப் பழைய உத்தரம் கிடைத்தால் விடாதீர்கள், பல வருஷம் காய்ந்திருக்கும். உள்ளே புதைந்த ஆணியை மட்டும் தேடி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இழைப்புளியின் கத்தி வாய் போகும். புதுக் கட்டையில் வைரம் (உள்ளே இருக்கும் கெட்டியான மரம்) இருக்கிறதா, ஓரத்தில் வெள்ளை (பட்டையை ஒட்டிய இளம் மரம்) ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளைப் பகுதிதான் முதலில் உளுத்து மாவு கொட்டும். அதைக் கருஞ்சாயத்தில் மறைப்பார்கள், எனவே பாலிஷுக்கு முன்பே போய்ப் பார்த்துவிடுவது நல்லது.

ஈரம் போகாத மரத்தில் செய்தால் கத்திரி வெயில் கணக்குத் தீர்த்துவிடும். இரண்டடி அகல மேஜைப் பலகை நாலைந்து மில்லிமீட்டர் சுருங்கக்கூடும். சுற்றிலும் இறுக்கி ஸ்க்ரூ அடித்திருந்தால் நடுவில் வெடிக்கும். மேஜை செய்தால் ஸ்க்ரூ துளையை நீள்துளையாக வைக்கச் சொல்லுங்கள்.

இனி உட்காரும் சட்டத்தில் பின்னும் பிரம்பு. ரெடிமேட் பின்னல் ஷீட்டைக் காடியில் (சட்டத்தில் வெட்டிய பள்ளத்தில்) அழுத்தி ஒட்டுவது மலிவு. ஆனால் காடி ஓரத்தில் அறுந்தால் ஷீட் முழுக்க மாற்ற வேண்டும். கைப்பின்னல் என்றால் சட்டத்தில் அரை அங்குலத்துக்கு ஒரு துளை, 3/16 அங்குல விட்டம், உள் ஓரத்திலிருந்து அரை அங்குலம் தள்ளி. ஓரத்தை ஒட்டித் துளைத்தால் பிரம்பு இழுக்கிற இழுப்பில் சட்டம் பிளந்துவிடும். பிரம்பை இருபது நிமிஷம் தண்ணீரில் ஊறவைத்து, பளபளப்புப் பக்கம் மேலே இருக்கும்படி பின்ன வேண்டும்: நெட்டாக ஒன்று, குறுக்காக ஒன்று, மறுபடி நெட்டு, மறுபடி குறுக்கு, பிறகு மூலைவாட்டில் இரண்டு. ஆறு ஓட்டமும் ஓடினால்தான் எண்கோணக் கண் விழும். இரண்டு ஓட்டத்தை விழுங்கிவிட்டு முடித்துக் கொடுப்பவர்கள் உண்டு, கண்ணுக்கு எட்டுப் பக்கம் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். தொய்ந்துபோனால் அடிப்பக்கம் ஈரத் துணி வைத்துப் பிறகு நிழலில் காயவிடுங்கள், மறுபடி இறுகும்.

பாலிஷுக்கு அரக்குதான் பொருத்தம். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் 200 முதல் 250 கிராம் அரக்குச் சில்லு, ஒரு ராத்திரி ஊறி, துணியில் வடிகட்டி, மெல்லிய பூச்சாகப் பல தடவை. ஐப்பசி அடைமழையில் பூசினால் வெள்ளையாகப் பூத்துவிடும். சூடான காபி டம்ளரை வைத்தாலும் வட்டம் விழும், அதனால் மேஜைக்கு மட்டும் மெலமைன் என்ற பாலிஷைப் பூசிக்கொள்ளலாம்.

மேஜை, அலமாரிக்குப் பித்தளைப் பிடி போடுவதென்றால் காந்தம் வைத்துப் பார்த்து வாங்குங்கள், ஒட்டினால் இரும்பில் முலாம். பித்தளை ஸ்க்ரூ நேராக முடுக்கினால் கழுத்தில் முறியும். முதலில் அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை ஓட்டி எடுத்துவிட்டுப் பித்தளையைப் போட வேண்டும். அப்புறம், புளி போட்டுத் துலக்குவதென்றால் பிடியைக் கழற்றி எடுத்துத் துலக்குங்கள், புளித்தண்ணீர் பட்ட இடத்தில் பாலிஷ் மங்கிவிடும்.