ஜெர்மனியில் குடியேறும்போது பணம், காகிதம், முகவரி: ஸ்டுட்கார்ட் அனுபவம்

ஜெர்மனியில் வேலை கிடைத்திருக்கிறது, எவ்வளவு சம்பளம் கேட்கலாம் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது இரண்டே கேள்விதான். முதல் மூன்று மாதத்துக்குக் கையில் எவ்வளவு இருக்கிறது? இறங்கியதும் எந்த முகவரியில் பெயரைப் பதிவு செய்யப் போகிறீர்கள்? ஓசூரில் ஒரு வாகன உதிரிபாக நிறுவனத்தில் இருந்துவிட்டு ஸ்டுட்கார்ட் பக்கம் வந்து சேர்ந்தவன் நான். இங்கே மற்ற எல்லாமே அந்த இரண்டுக்கும் பின்னால்தான் வரிசையில் நிற்கின்றன.

முகவரியிலிருந்து தொடங்குகிறேன். வீட்டுக்குள் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் உள்ளூர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும், அன்மெல்டுங் என்பார்கள். அதற்கு வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது, 'இவர் இந்தத் தேதியில் இங்கே குடிவந்தார்' என்று வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தனிப் படிவம் வேண்டும். தற்காலிகமாக அறை கொடுப்பவர்களில் பலர் இந்தக் கையெழுத்தைப் போட மாட்டார்கள். அறையை எடுக்கும் முன்பே 'பதிவு செய்யலாமா, படிவம் தருவீர்களா' என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, பதிவு செய்ய விடும் இடத்தையே எடுங்கள். ஏனென்றால் பதிவு நடந்த பிறகுதான் பதினோரு இலக்க வரி அடையாள எண் தபாலில் வரும், பல வங்கிகள் அந்தப் பதிவுச் சான்றைப் பார்த்துத்தான் கணக்கு திறக்கின்றன, தங்கும் அனுமதிச் சீட்டுக்குப் போனாலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

தபாலில் வரும் என்று சொன்னேன் இல்லையா, அந்தத் தபால் இங்கே வீட்டு எண்ணைப் பார்த்து வருவதில்லை, பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்து வருகிறது. அடுக்குமாடியில் 'மூன்றாம் தளம், இடது கதவு' என்றெல்லாம் முகவரி கிடையாது. பெயர் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். அரிசி வாங்கப் போன கடையில் இருந்த யாழ்ப்பாணத்து அண்ணன்தான் முதல் வாரமே சொன்னார்: "தம்பி, முதல் உங்கட பேரைத் தபால்பெட்டியில ஒட்டுங்கோ. இல்லாட்டிக் கடிதமெல்லாம் திரும்பிப் போயிடும்." அவர் எண்பதுகளில் வந்தவர், இந்த ஊர் அலுவலகங்களை எல்லாம் மொழி தெரியாத காலத்திலேயே பார்த்து முடித்தவர். எனக்குக் கிடைத்த பாதி வழிகாட்டல் அந்தக் கடையில்தான் கிடைத்தது, அதற்கு நான் என்றும் கடமைப்பட்டவன்.

நம் ஆட்களுக்குப் பெயரில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாஸ்போர்ட்டில் பலருக்கு சர்நேம் கட்டம் காலியாக இருக்கும். இங்கே அந்தக் கட்டத்தை நிரப்பாமல் எந்த ஆன்லைன் படிவமும் நகராது. வங்கியில் ஒரு மாதிரி, தங்கும் அனுமதிச் சீட்டில் ஒரு மாதிரி, சம்பளப் பட்டியலில் ஒரு மாதிரி என்று ஒரே ஆளுக்கு மூன்று பெயர் உண்டாகிவிடும். நான் விசாவுக்குப் போடும் முன்பே பாஸ்போர்ட்டை மறுபடி எடுத்து அப்பா பெயரை சர்நேம் ஆக்கிக்கொண்டேன், பான், ஆதாரையும் அதற்குப் பொருந்த மாற்றினேன். ஊரில் அலைச்சல்தான், ஆனால் அங்கே அலைவது இங்கே அலைவதைவிட எவ்வளவோ சுலபம். மனைவி வந்ததும் அவர் சர்நேம் (அவருடைய அப்பா பெயர்), மகள் சர்நேம் (என் பெயர்) எல்லாமும் பெட்டியில் ஏறின. ஒரே குடும்பத்துக்கு மூன்று பெயர் ஒட்டியிருப்பதைப் பார்த்து பக்கத்து வீட்டுப் பாட்டி எத்தனை குடும்பம் இருக்கிறீர்கள் என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அடுத்தது வீட்டுப் பணம். விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருப்பது கால்ட்மீட்டே, அதாவது வெறும் இடத்துக்கான வாடகை. தண்ணீர், குப்பை, பெரும்பாலும் ஹீட்டரும் சேர்ந்தது வார்ம்மீட்டே. மின்சாரமும் இணையமும் அதற்கும் மேலே. முன்பணம் சட்டப்படி மூன்று மாத கால்ட்மீட்டேவுக்கு மேல் கேட்கக் கூடாது, அதையும் மூன்று மாதத் தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டால் பல வீட்டுக்காரர்கள் சம்மதிக்கிறார்கள். பார்க்காத வீட்டுக்குப் பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள். 'நான் இப்போது லண்டனில் இருக்கிறேன், முன்பணம் போட்டதும் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்' என்று மின்னஞ்சல் வந்தால் அது மோசடிதான், யோசிக்கவே வேண்டாம்.

சமையலறையைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இங்கே பல வாடகை வீடுகளில் சமையலறை என்றால் நான்கு சுவரும், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தண்ணீர்க் குழாயும், அடுப்புக்கான மின்கம்பியும்தான். அலமாரி, அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி எதுவும் இருக்காது. கூரையில் விளக்குக்குப் பதில் இரண்டு கம்பி தொங்கும். முன்பு இருந்தவர் தன் சாமான்களை விட்டுப்போகிறேன், விலை கொடுங்கள் என்பார். அதற்குப் பேரம் பேசலாம், பேச வேண்டும். இந்தச் செலவையும் சேர்த்தால் மூன்று மாத வாடகை முன்பணம், முதல் மாத வாடகை, சமையலறை, கட்டில் மெத்தை என்று கணக்கு எங்கேயோ போய் நிற்கும். அதற்கெல்லாம் முதல் சம்பளம் வரும்வரை கையிருப்புதான். நிறுவனத்திடம் இடமாற்றத் தொகை கேளுங்கள், சம்பளத்தில் நூறு யூரோ கூடக் கேட்பதைவிட இது அந்த நேரத்தில் பெரிய உதவி.

வீட்டுக்காரர்கள் ஷூஃபா என்று ஒரு கடன் வரலாற்றுச் சான்று கேட்பார்கள், நம் ஊர் சிபில் மாதிரி. புதிதாக வந்தவருக்கு அதில் எதுவும் இருக்காது. அதனால் வேலை ஒப்பந்தம், கடைசிச் சம்பளச் சீட்டுகள், நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு கடிதம், நீங்கள் யார் என்று ஜெர்மனில் ஒரு பக்கம், எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி வைத்துக்கொண்டு, வீடு பார்க்கப் போன அன்றே அனுப்பிவிடுங்கள். ஒரு வங்கி எனக்குக் கணக்கு திறக்க மறுத்தது, காரணமும் சொல்லவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி வசிக்கும் யாருக்கும் அடிப்படைக் கணக்குக்கு உரிமை உண்டு என்று 2016-லேயே இங்கே சட்டம் வந்துவிட்டது. அதனால் ஒருவர் மறுத்தால் மனம் தளராமல் அடுத்த வங்கிக்குப் போங்கள்.

சரி, சம்பளத்துக்கு வருவோம். ஒப்பந்தத்தில் இருப்பது ப்ரூட்டோ, கைக்கு வருவது நெட்டோ. மாதம் 5,000 யூரோ ப்ரூட்டோ என்றால் தனியாளுக்கு 3,100-ஐ ஒட்டித்தான் கணக்கில் விழும். வருமான வரி போக ஓய்வூதியத்துக்கு 9.3 சதவீதம், வேலையின்மைக் காப்பீட்டுக்கு 1.3 சதவீதம், மருத்துவக் காப்பீடு, முதுமைப் பராமரிப்புக் காப்பீடு எல்லாம் பிடிப்பார்கள், நிறுவனமும் தன் பங்கைப் போடும். பதிவு செய்யும்போது மதம் கேட்பார்கள். கத்தோலிக்கர் என்று எழுதினால் வருமான வரியின் மேல் தேவாலய வரி வரும், பாடன்-வுர்ட்டம்பெர்க்கிலும் பவேரியாவிலும் 8 சதவீதம், மற்ற மாநிலங்களில் 9. நம்பிக்கை அவரவர் விஷயம், ஆனால் அந்தக் கட்டத்தில் எழுதுவது சம்பளத்தில் தெரியும் என்பதை அறிந்து எழுதுங்கள்.

குடும்பம் ஊரிலேயே இருக்கும்வரை வரிக் கணக்கில் நீங்கள் தனியாள்தான். கணவனோ மனைவியோ இங்கே வந்து பதிவு செய்த பிறகுதான் மாத வரி குறைவாகப் பிடிக்கும் மூன்றாம் வரி வகுப்பு கிடைக்கும், மாதாமாதம் சில நூறு யூரோ கூட வரும். இதில் பலருக்குத் தெரியாத ஒரு நல்ல விஷயம், டிசம்பரில் வந்து பதிவு செய்தால்கூட அந்த ஆண்டு முழுவதற்கும் இருவரும் சேர்ந்து வரிக்கணக்கு தாக்கல் செய்யலாம். அந்த ஆண்டு ஊரில் சம்பாதித்ததையும் காட்ட வேண்டும். அதற்கு இங்கே வரி இல்லை என்றாலும் வரி விகிதம் அதைப் பார்த்துத்தான் முடிவாகும். ஆனாலும் ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் குடும்பத்துக்குப் பெரும்பாலும் நல்ல தொகை திரும்ப வரும். எனவே டிக்கெட்டை ஜனவரிக்குத் தள்ளும் முன் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள். குழந்தை இருந்தால் கிண்டர்கெல்ட் என்ற குழந்தை உதவித்தொகைக்கு உடனே விண்ணப்பியுங்கள், 2025-இல் அது மாதம் 255 யூரோவாக இருந்தது. தாமதமாக விண்ணப்பித்தால் பின்னோக்கி ஆறு மாதத்துக்குத்தான் தருவார்கள்.

மருத்துவக் காப்பீட்டில் என் கருத்து உறுதியானது: குடும்பத்தோடு வருபவர் அரசுக் காப்பீட்டிலேயே இருங்கள். வேலைக்குப் போகாத துணையும் பிள்ளைகளும் அதே கட்டணத்தில், தனியாகப் பணம் கட்டாமல் அடங்கிவிடுவார்கள். தனியார் காப்பீட்டில் தலைக்கு ஒரு கட்டணம். ஆண்டுச் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டும் ஊழியர்தான் தனியாருக்குப் போக முடியும், 2025-இல் அந்த வரம்பு 73,800 யூரோவாக இருந்தது. அப்படிச் சம்பளம் வாங்கும் இளைஞர்களை முகவர்கள் தேடித் தேடி வந்து 'இப்போது பாதி விலை' என்பார்கள். வயது ஏற ஏறக் கட்டணமும் ஏறும், திரும்பி அரசுக் காப்பீட்டுக்கு வருவது லேசில்லை, 55 வயதுக்கு மேல் கிட்டத்தட்ட முடியாது. அதைவிட, பொறுப்புக் காப்பீடு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், ஆண்டுக்கு ஐம்பது நூறு யூரோவுக்குள்தான். நம் கையால் பிறருக்கு வரும் சேதத்தை அது பார்த்துக்கொள்ளும். வீட்டுச் சாவி தொலைந்தால் சில கட்டடங்களில் எல்லா வீட்டுப் பூட்டையும் மாற்றச் சொல்வார்கள், ஆயிரக்கணக்கில் போகும். சாவித் தொலைப்பும் அதில் அடங்குகிறதா என்று பார்த்து எடுங்கள்.

பதிவு முடிந்த சில வாரத்தில் ரேடியோ, டிவிக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். மாதம் 18.36 யூரோ. டிவி இல்லை என்றாலும் கட்ட வேண்டும், ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு ஒன்று. சேர்ந்து தங்கியிருந்தால் ஏற்கெனவே கட்டுபவரின் எண்ணைக் கொடுத்துவிட்டால் போதும்.

இனி ஊர்ப் பக்கம். இதைத்தான் நம்மவர்கள் வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். வேலைக்காக வெளிநாடு போனதுமே சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ ஆக, அதாவது வெளிநாட்டில் வசிப்பவர் ஊர் வருமானத்துக்கு வைத்திருக்கும் கணக்காக மாற்ற வேண்டும், அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமா அப்படித்தான் சொல்கிறது. இங்கிருந்து அனுப்பும் பணத்துக்குத் தனியாக ஒரு என்ஆர்இ கணக்கு. என்ஆர்ஓ வட்டியில் 30 சதவீதமும் செஸ்ஸும் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி 10 சதவீதம்தான். இங்குள்ள வரி அலுவலகத்திடம் 'இவர் இங்கே வரி கட்டுபவர்' என்று சான்று வாங்கி, இந்திய வருமான வரித் துறையின் அதற்கான படிவத்துடன் (10எஃப் என்று அறியப்பட்டது) வங்கியில் கொடுத்தால் அந்தக் குறைந்த விகிதம் கிடைக்கும்.

என்ஆர்இ வட்டிக்கு வரியே கிடையாது என்று ஊர் வங்கியில் சொல்வார்கள். இந்தியாவில் கிடையாது, அது சரி. ஜெர்மனியில் உண்டு. இங்கே குடியிருப்பவரின் உலக வருமானம் முழுவதையும் இந்த அரசு கணக்கில் எடுக்கிறது. தனியாளுக்கு 1,000, தம்பதிக்கு 2,000 யூரோ வரை வட்டி, ஈவுத்தொகைக்கு விலக்கு, அதற்கு மேல் 25 சதவீதமும் அதன் மேல் சின்னக் கூடுதல் வரியும். வங்கி விவரங்கள் இரு நாட்டுக்கும் இடையே தானாகவே பரிமாறப்படுகின்றன, அதனால் யாருக்குத் தெரியப் போகிறது என்று எண்ண வேண்டாம். வருடாவருடம் வட்டிச் சான்றிதழைப் பதிவிறக்கிக் கணக்கில் காட்டிவிட்டு நிம்மதியாக இருங்கள்.

கிளம்பும் முன் ஊர் சிம்மை ரோமிங் போட்டு உயிரோடு வைத்துக்கொள்ளுங்கள், ஓடிபி வராமல் ஊர்க் கணக்கில் ஒன்றும் செய்ய முடியாது. நிலம், வீடு வேலை இருந்தால் அப்பாவுக்கோ அண்ணனுக்கோ பொது அதிகாரப் பத்திரத்தை அங்கேயே பதிந்துவிட்டு வருவது நல்லது. நான் இங்கிருந்து போட நேர்ந்தது. மியூனிக்கில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பினேன், அது ஊருக்கு வந்த மூன்று மாதத்துக்குள் பதிவுத் துறையில் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். அதைத் தவறவிட்டால் மொத்த வேலையும் மறுபடி.

ஓய்வூதியத்துக்குப் பிடிப்பது வீண் என்று பலர் நினைக்கிறார்கள். ஐந்து ஆண்டு பங்களிப்பு இருந்தால் இங்கே ஓய்வூதிய உரிமை உண்டு. இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் இடையே 2017 மே முதல் நடப்பில் இருக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தப்படி ஊரில் பிஎஃப் கட்டிய காலத்தையும் அந்த உரிமைக்குச் சேர்த்துப் பார்ப்பார்கள். அதனால் உங்கள் பிஎஃப் கணக்கின் யுஏஎன் எண்ணையும் பாஸ்புக்கையும் பத்திரமாக வைத்திருங்கள்.

அப்பா அம்மாவுக்கு அனுப்பும் பணத்தில் ஒரு பகுதியை இங்கே வரியில் கழிக்க முடியும் என்பது எனக்குக் கிடைத்த மிக இனிமையான செய்தி. அவர்களுக்குப் போதிய வருமானமோ சொத்தோ இல்லாமல் நம்மை நம்பி இருக்க வேண்டும், இந்தியாவில் இருப்பவர்களுக்கு வழக்கமான கழிவு உச்சவரம்பில் கால் பங்கு வரைதான் ஏற்பார்கள், தம்பி தங்கைக்கு அனுப்புவது செல்லாது. ஊர் அதிகாரி ஒப்பமும் முத்திரையும் வைத்த படிவம் ஒன்று வேண்டும். எங்கள் தாலுகா அலுவலகத்தில் அப்பா அதை வாங்க நான்கைந்து முறை போய்வர வேண்டியிருந்தது, ஆனால் வாங்கிவிட்டார். 2025 முதல் வங்கி வழியாக அனுப்பியதை மட்டும்தான் ஏற்கிறார்கள். ஊருக்குப் போகும் நண்பரிடம் கையில் கொடுத்தனுப்பும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்திவிட்டு, பெற்றோர் பெயரில் உள்ள கணக்குக்கே நேராக அனுப்புங்கள்.