ஓலைக்கு முன்

பிப்ரவரி 4, 2024, ஞாயிறு

இன்றைய நற்செய்தி மாற்கு முதல் அதிகாரம். சீமோனின் மாமியார் காய்ச்சலாய்க் கிடக்கிறார். இயேசு கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறார். எழுந்த கையோடு அந்த அம்மாள் பணிவிடை செய்யப் போய்விடுகிறார். மாமியார் இருந்தால் மனைவியும் இருந்திருக்க வேண்டும். முதல் திருத்தந்தையான அந்தச் சீமோன் பேதுரு கல்யாணம் ஆனவர் என்பதை மறையுரையில் யாராவது தொடுவார்களா என்று காத்திருந்தேன். காய்ச்சலோடு நிறுத்திக்கொண்டார்கள்.

போர்த்துகலிலிருந்து வந்த குரு புனித அருளானந்தரின் திருநாளும் இன்றுதான். ஞாயிற்றில் விழுந்துவிட்டதால் வழிபாட்டில் அவருக்கு இடமில்லை. 1693இல் ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டது விசுவாசத்துக்காக என்று மட்டும்தான் மறைக்கல்வியில் சொல்லிக்கொடுத்தார்கள். கதை அதைவிடக் குடும்பப்பாங்கானது. கிறிஸ்தவராக வந்த தடியத்தேவரிடம், ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிடச் சொன்னார். அனுப்பப்பட்டவர்களில் ஒருத்தி, ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதியின் உறவுப் பெண். மனைவியே வேண்டாம் என்று கடல் தாண்டி வந்தவர், இன்னொருவர் வீட்டு மனைவியர் வழக்கில் தலையைக் கொடுத்தார்.

குருமடத்து அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியிருக்கிறார்கள். குருப்பட்டத்துக்கு முந்தைய படியான திருத்தொண்டர் பட்டம் பெறுகிறவர்கள் மாத இறுதிக்குள் அதிபரிடம் விண்ணப்பம் தர வேண்டும். அவரவர் கைப்பட எழுதியது. திருச்சபைச் சட்டம் 1036 அப்படித்தான் கேட்கிறது: யாரும் வற்புறுத்தாமல், நானே விரும்பி வருகிறேன் என்று சொந்தக் கையெழுத்தில் சொல்ல வேண்டும். மணத்துறவு வாக்கு குருப்பட்டத்தன்று கொடுப்பது என்று ஊரில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை, திருத்தொண்டராகும்போதே கொடுத்துவிடுகிறோம். எனக்கு அது ஏப்ரல்.

பிப்ரவரி 14, புதன்

சாம்பல் புதனும் காதலர் தினமும் ஒன்றாக வந்திருக்கின்றன. சாப்பாட்டு அறையில் நாள் முழுக்க இதே வேடிக்கைதான்.

2018இலும் இப்படித்தான் வந்தது. அப்போது குருமடத்தில் தங்கி, வெளிக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். காலைத் திருப்பலியில் பூசிய சாம்பலோடு வகுப்புக்குப் போனேன். முன் பெஞ்சில் ஒரு பெண், தினமும் ஒற்றைக் கீற்றாகத் திருநீறு இட்டு வருகிறவள், திரும்பிப் பார்த்து, "இப்படியா பூசுவார்கள், அப்பிக்கொண்டு?" என்றாள். பதில் சொல்வதற்குள் மோதிர விரலை என் நெற்றியில் வைத்து ஒரே இழுப்பு. சிலுவை போய்க் கீற்று நின்றது. விரல் ஈரமாக இருந்தது. அப்போதுதான் தண்ணீர் பாட்டிலை மூடி வைத்திருந்தாள்.

மாலை வரை முகம் கழுவவில்லை. செபமாலையின்போது பக்கத்தில் முழந்தாளிட்டிருந்தவன், "என்னடா, சைவனாகிவிட்டாயா?" என்று கிசுகிசுத்தான்.

அதன் பிறகு மெய்யியல் படித்தேன், பங்கு ஒன்றில் களப்பணி செய்தேன், இறையியலில் மூன்றாம் ஆண்டும் முடியப்போகிறது. பாலுணர்வைப் பற்றிப் பாடம், கருத்தரங்கு, தியானம் எல்லாம் ஆயிற்று. கால்பந்து ஆடுங்கள், பச்சைத் தண்ணீரில் குளியுங்கள் என்றார் ஒரு பேராசிரியர். இரண்டும் செய்தேன். கால்பந்தில் நல்ல முன்னேற்றம். கனவில் வருவது வந்துகொண்டுதான் இருக்கிறது, பெரும்பாலும் முகமில்லாமல்.

பிப்ரவரி 20, செவ்வாய்

ஆன்ம குருவிடம் போனேன். எதற்காகக் குருமடத்துக்கு வந்தாய் என்று மறுபடியும் கேட்டார். இறையழைத்தல் என்று தொடங்கினேன். அவர் பேசாமல் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். அவர் ஆற்றுகிற விதத்திலேயே பொய் சொல்ல முடியாமல் போய்விடும்.

உண்மையைச் சொன்னேன். எனக்கு ஒன்பது வயது, பீடச்சிறுவன். தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். பஞ்சாயத்துத் தலைவர் வந்தாலும் போட்ட காலை இறக்காதவர். தெருவில் புதுச் சாமியார் வருகிறார், இருபத்தேழு வயது இருக்கும், மீசைகூடச் சரியாக அடரவில்லை. தாத்தா எழுந்தார். தோள் துண்டு கக்கத்துக்குப் போனது. "சாமி, ஸ்தோத்திரம்" என்றார். அன்று ராத்திரியே அம்மாவிடம், நான் சாமியாராகப் போகிறேன் என்று சொன்னேன். எனக்கு வேண்டியிருந்தது அந்தத் துண்டுதான்.

"அவர் பெண்டாட்டி பிள்ளையோடு வந்திருந்தால் தாத்தா எழுந்திருப்பாரா?" என்றார் ஆன்ம குரு.

மாட்டார். 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியக் குரு தெ நொபிலி காவி கட்டி, மரக்கறி உண்டு, சந்நியாசியாக வாழ்ந்ததும் இந்த ஊர் எதற்கு எழுந்து நிற்கும் என்று தெரிந்துதான். மலைக்கு அந்தப் பக்கம் கதை வேறு. சேரநாட்டுத் தோமா கிறிஸ்தவர்களின் குருக்களான கத்தனார்கள் மனைவி மக்களோடுதான் இருந்தார்கள். 1599இல் உதயம்பேரூரில் மெனசிஸ் பேராயர் கூட்டிய சங்கம் அதற்குத் தடை போட்டது. ரோமையிலேயே, குருக்கள் செய்துகொள்ளும் திருமணம் செல்லாது என்று இரண்டாம் லாத்தரன் சங்கம் தீர்ப்புச் சொன்னது 1139இல்தான். இதையெல்லாம் அவரிடம் ஒப்பித்தேன், தேர்வில் எழுதுவதுபோல.

"தேதி எல்லாம் சரி. உனக்கு எழுந்து நிற்காத ஊரில் போட்டால் என்ன செய்வாய்?" என்று கேட்டுவிட்டு டம்ளரைக் கழுவப் போய்விட்டார்.

பிப்ரவரி 23, வெள்ளி

பழைய நண்பன் பேசினான். மெய்யியல் இரண்டாம் ஆண்டில் போனவன். தனக்கு ஆண்கள்மீதுதான் நாட்டம் என்று, கேட்ட இடத்தில் ஒளிக்காமல் சொன்னான், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அத்தகைய நாட்டம் ஆழமாக வேரூன்றியவர்களைச் சேர்க்கக் கூடாது என்று வத்திக்கான் 2005இல் எழுதி வைத்திருக்கிறது. எங்கள் வகுப்பில் அவனைப்போல் நோயாளிகளைப் பார்க்கப் போகிறவன் வேறு யாரும் இல்லை. உள்ளே இருக்கிற நாங்கள் எல்லாரும் கேட்டதற்கு உண்மையைச் சொன்னவர்கள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

"கடிதம் எழுதிவிட்டாயா?" என்று கேட்டான். அவன் குரலில் பொறாமை இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 29, வியாழன்

ஐந்து தாள் கிழித்தேன். "முழு விருப்பத்துடனும் முழுச் சுதந்திரத்துடனும்" என்று மாதிரி வாக்கியம் தந்திருக்கிறார்கள். அதில்தான் பேனா நிற்கிறது. உவரி அந்தோணியாரிடம் நேர்ந்துகொண்டு அம்மா பெற்ற பிள்ளை நான். பிறப்பதற்கு முன்பே பேசி முடித்த காரியத்தில் எனக்கு எவ்வளவு சுதந்திரம்? பிறகு அந்தத் துண்டு. பிறகு, பத்து வருடம் கழித்துத் திரும்பி வந்தவனை ஊர் பார்க்கும் பார்வை.

ஆனாலும் விருப்பம் உண்டு. களப்பணியின்போது, சாகக் கிடந்த ஒரு கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டு ராத்திரி இரண்டு மணி வரை விடவில்லை. எனக்கு எழவும் தோன்றவில்லை. யாரும் என்னைத் தேடிக்கொண்டிருக்கவில்லை என்பது அன்று ஒரு குறையாகத் தெரியவில்லை.

ஆறாவது தாளில் "விருப்பத்துடனும் சுதந்திரத்துடனும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதிபர் கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு முறை படித்தார். 'முழு' எங்கே என்று கேட்கவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

ஊரில் இருக்கிறேன். பூசை முடிவில், கல்யாண அறிவிப்பான ஓலையை வாசித்தார்கள். ஈஸ்டருக்குப் பிறகு நடக்கும் கல்யாணங்கள் மூன்று. நான்காவதாக என் பெயர். தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெளியே வந்ததும் அம்மா, "உனக்கும் ஓலை வாசித்தாயிற்று" என்று சிரித்தாள். கண் சிரிக்கவில்லை.

மீன் வாங்கப் போனோம். பக்கத்துத் தெரு சி.எஸ்.ஐ. சபைப் போதகரான ஐயரும் அவர் மனைவி ஐயரம்மாவும் சாளைக் கூடை முன்னால் குந்தியிருந்தார்கள். ஐயர் எடுத்துப் போட்டதை ஐயரம்மா செவுளைத் தூக்கிப் பார்த்துத் திரும்பக் கூடையிலேயே எறிந்தார். அவர் மறுபடி எடுத்தார். அந்த அம்மாள் மறுபடி எறிந்தார். "நீங்கள் பிரசங்கம் மட்டும் செய்யுங்கள்" என்றார். மீன்காரி வாய்விட்டுச் சிரித்தாள். ஐயரும்தான். பையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். யாரும் அவருக்காகத் துண்டை எடுக்கவில்லை. எனக்கு நகர மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மா அரிவாள்மனையோடு உட்கார்ந்தாள்.

"பங்குக்குப் போனால் ராத்திரிச் சோறு யார் போடுவார், ராசா?"

"சமையல்காரர் சாயங்காலமே வைத்துவிட்டுப் போய்விடுவார்."

கொஞ்ச நேரம் செதில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

"செவுள் பார்க்கத் தெரியுமா உனக்கு?"

தெரியாது என்றேன்.