கோப்பி வாசம் எங்க போகுது?

கோப்பித்தூளை கிலோக்கணக்குல வாங்கி அடுப்புக்கு மேல இருக்கற கபோர்டுல அடுக்கி வைக்கற பழக்கம் நம்ம ஆளுங்ககிட்ட நிறைய இருக்கு, எங்க அம்மாவும் அப்படித்தான், சொன்னா "மூடி போட்டுத்தானே வெச்சிருக்கு"ம்பாங்க. மூடி மட்டும் போதாதுங்க.

கோப்பி வாசத்துல நூத்துக்கணக்கான பொருள் இருக்கு, ஆனா டப்பாவைத் திறந்ததும் மூக்குல ஏறுற அந்த வறுத்த வாசத்துல பெரிய பங்கு ஃபர்ஃபியூரில் தயால்ங்கற கந்தகப் பொருளோடது. பச்சைக் கொட்டைய மோந்து பாத்தா அந்த வாசமே வராது, சூட்டுல சர்க்கரையும் அமினோ அமிலமும் ஒண்ணோட ஒண்ணு வினைபுரியும்போதுதான் இது பொறக்குது. 1912ல பிரெஞ்சுக்காரர் மெய்லார்ட் எழுதி வெச்ச வினை அது, ரொட்டி செவக்கறது, கறி வறுபடறது எல்லாத்துக்கும் அவர் பேருதான். நம்ம சிங்கப்பூர் கோப்பிக்கடைக் கொட்டைய சர்க்கரையும் மார்ஜரினும் போட்டு வறுக்கறதால கருகின சர்க்கரை வாசமும் மேல ஏறிக்குது.

பிரச்சனை என்னன்னா தயால் ரொம்ப பலவீனமான ஆளு. காத்துல இருக்கற ஆக்ஸிஜன் பட்டா மாறிடும். கலக்கி வெச்ச கோப்பில இன்னும் மோசம், அதே வறுத்தல்ல உண்டான பழுப்புப் பொருளே தயாலைப் புடிச்சுக் கட்டிப்போட்டுடும், அதனாலதான் ஃப்ளாஸ்க்ல கிடந்த கோப்பி சூடா இருந்தாலும் சப்புன்னு இருக்கு. இதுல நம்ம ஊர் வெயில் வேற, பகல்ல 31, 32 டிகிரி, பத்து டிகிரி கூடினா இந்த மாதிரி வினைங்க சுமாரா ரெண்டு மடங்கு வேகமாகும், அடுப்பு மேல கபோர்டுன்னா கேக்கவே வேணாம். சின்ன பாக்கெட்டா வாங்குங்க, அவ்ளோதான்.

சமையல்ல வாசனைக்குப் போடற பாண்டான் இலை, பாஸ்மதி அரிசி ரெண்டுக்கும் ஒரே வாசம் வர்றதுக்கும் ஒரே பொருள்தான் காரணம், அசிட்டைல் பைரோலின். தண்ணில நூறு கோடிப் பங்குல 0.1 பங்கு இருந்தாலே மூக்கு கண்டுபிடிச்சிடும். ரொட்டி ஓரத்துல இதை சூடு உண்டாக்குது, பாண்டான்ல செடியே செஞ்சுக்குது. மூட்டை அரிசி மாசக்கணக்கா கிடந்தா இதுவும் குறைஞ்சுடும்.

வைன் கதை இன்னும் சுவாரஸ்யம். சாவிஞான் பிளாங்க்ங்கற வெள்ளை வைன்ல வர்ற பேஷன்ஃப்ரூட் வாசம் திராட்சைல நேரடியா இல்ல, ஒரு அமினோ அமிலத்தோட ஒட்டிக்கிட்டு வாசமே இல்லாம கெடக்கும், ஈஸ்ட் வந்து அதை அறுத்து விடணும். அறுத்ததுல ஒரு பங்கை அசிட்டேட்டுங்கற வேற பொருளாவும் மாத்தும், வாசத்துல அதுதான் தூக்கலா நிக்கும். ஆனா அந்த அசிட்டேட் பாட்டிலுக்குள்ளயே தண்ணியோட சேந்து மெல்ல உடையும், சூட்டுல இன்னும் சீக்கிரம். நம்ம எச்டிபி அடுக்குமாடி வீட்டுல ஃப்ரிட்ஜ் மேல வைன் அடுக்கி வெச்சிருக்கற நண்பர்களே, உங்களுக்குத்தான்.

உடையறது எல்லாமே நஷ்டமும் இல்ல. ரீஸ்லிங் திராட்சைல இருக்கற கரோட்டினாய்டுங்கற நிறப்பொருள் உடைஞ்சு வருஷக்கணக்குல அந்த வைன்ல லேசா மண்ணெண்ணெய் வாசம் வரும், கெட்டுப்போச்சுன்னு சிங்க்ல கொட்டிடாதீங்க. சம்பல் போட்ட ஸ்டிங்ரே, அதான் திருக்கை மீனோட எனக்கு அது ரொம்பப் புடிக்கும், வீட்டுக்காரிக்குத்தான் பக்கத்துல வெச்சாலே ஆகாது.