மூன்று பூட்டுப் பெட்டி

வங்கியில் கேஷ் பார்த்தவர்களுக்குத் தெரியும், சாயங்காலம் கணக்கு பைசா சுத்தமாக டேலி ஆனாலும் உடனே வீட்டுக்குக் கிளம்பிவிட முடியாது. மேனேஜர் வந்து அவர் சாவியைப் போட வேண்டும், நாம் நம் சாவியைப் போட வேண்டும், அப்போதுதான் பெட்டகம் பூட்டும். லீவு எடுத்தால்கூட ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்து வாங்காமல் சாவியைக் கைமாற்றக் கூடாது.

இந்த வழக்கத்தை நினைத்தால் எனக்கு ஸ்காட்லாந்தில் டம்ஃப்ரீஸ் பக்கத்தில் உள்ள ரத்வெல் என்ற சின்ன ஊர் ஞாபகத்துக்கு வரும். 1810-ல் அந்த ஊர்ப் பாதிரியார் ஹென்றி டங்கன் அங்கே ஒரு சேமிப்பு வங்கி தொடங்கினார். கட்டடம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, ஊர்ச் சங்கம் கூடுகிற சின்ன வீடுதான். ஆனால் ஆள் தொழில் தெரிந்தவர். சின்ன வயதில் லிவர்பூலில் ஒரு வங்கியில் மூன்று வருஷம் வேலை பார்த்திருக்கிறார். மற்ற வங்கிகள் கணக்குத் தொடங்க 10 பவுண்டு கேட்ட காலத்தில், பண்ணைக் கூலிகளும் வீட்டு வேலை செய்யும் பெண்களும் அவ்வளவு பணத்துக்கு எங்கே போவார்கள்? 6 பென்ஸ் (பவுண்டுக்கான சில்லறைக் காசு) கொண்டு வந்தால் போதும் என்றார் டங்கன். வாங்கிய பணத்தைப் போட்டு வைக்க ஒரு பெட்டி, அதற்கு மூன்று பூட்டு, மூன்று சாவியும் மூன்று வெவ்வேறு ஆட்களிடம். மூவரும் வந்து நின்றால்தான் பெட்டி திறக்கும்.

முதல் வருஷத்தில் சேர்ந்தது 151 பவுண்டு. பெரிய வங்கிக்காரர்களுக்கு அது சில்லறை, ஆனால் எனக்கு அந்தத் தொகைமேல் தனி மரியாதை உண்டு. எங்கள் கிளையில் சந்தை நாளன்று கீரை விற்கும் அம்மா ஒருவர் வருவார், ஈரம் காயாத பத்து ரூபாய் நோட்டுகளை ஒவ்வொன்றாக நீவி அடுக்கி, "எண்ணிப் பாருங்க தம்பி" என்று கவுன்டரில் வைப்பார், நான் எண்ணி முடித்து பாஸ்புக்கில் வரவு வைக்கும்வரை கண்ணை எடுக்க மாட்டார். அப்படிப்பட்டவர்களின் பணம்தான் ரத்வெல்லில் சேர்ந்ததும்.

அப்புறம் இந்த மாதிரி வங்கிகள் பல ஊர்களுக்கும் பரவி, 1817-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சேமிப்பு வங்கிகளுக்கென்றே சட்டம் போட்டது. அந்தச் சின்ன வீடும் பின்னாளில் சேமிப்பு வங்கிகளுக்கான அருங்காட்சியகம் ஆனது. வேலைக்குச் சேர்ந்த கையோடு "எதுக்கு சார் ரெண்டு சாவி, நம்ம மேல நம்பிக்கை இல்லையா?" என்று வருத்தப்படும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இந்தப் பெட்டியின் கதையைத்தான். பாதிரியார் நடத்திய வங்கிக்கே மூன்று பூட்டு போட்டார்கள், நமக்கு இரண்டுதானே என்பேன்.