நீலக் காரும் பழைய மெத்தையும்

இங்கிலாந்தில் நாங்கள் வாடகைக்குக் குடியேறிய முதல் வீட்டின் முன்னால், வீதியோரத்தில் ஒரு நீல நிறக் கார் வாரக்கணக்காக அசையாமல் நின்றது. கண்ணாடி விளிம்புகளில் பாசி படர்ந்திருந்தது. முன்பக்க ரயர் ஒன்று காற்றிறங்கி நிலத்தோடு ஒட்டிப்போயிருந்தது. கைவிடப்பட்ட வாகனங்களை அகற்றுவது கவுன்சிலின், அதாவது உள்ளூராட்சி மன்றத்தின், வேலை என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னதால், கவுன்சிலின் இணையத்தளத்துக்குச் சென்று காரின் நிறம், பதிவிலக்கம், நிற்கும் இடம் ஆகியவற்றை எழுதி முறையிட்டேன். அலுவலர் நேரில் வந்து பார்த்ததாகவும், அந்தக் கார் கைவிடப்பட்டதல்ல என்று முடிவு செய்ததாகவும் சில நாட்களில் பதில் வந்தது. எனக்கு அது அலட்சியமாகவே பட்டது.

அந்த எண்ணம் தவறு என்பதைச் சட்டத்தைத் தேடி வாசித்த பிறகே உணர்ந்தேன். கைவிடப்பட்ட வாகனங்களை அகற்றும் கடமையை உள்ளூராட்சி மன்றங்களுக்கு விதிப்பது 1978ஆம் ஆண்டின் சட்டம். ஆனால் 'கைவிடப்பட்டது' என்றால் என்ன என்று அந்தச் சட்டம் வரையறுக்கவில்லை. ஆகவே அலுவலர்கள் அடையாளங்களைக் கொண்டே தீர்மானிக்கிறார்கள்: சுவான்சியிலுள்ள வாகனப் பதிவு அலுவலகத்தில் உரிமையாளர் பெயர் இல்லாமல் வாகன வரியும் கட்டப்படாமல் இருப்பது, நெடுநாள் அசையாமல் நிற்பது, சில்லுகள் கழன்றோ கண்ணாடிகள் உடைந்தோ எரிந்தோ கிடப்பது, பதிவிலக்கத் தகடு காணாமற் போயிருப்பது. நீலக் காருக்கு அப்போது வரி கட்டப்பட்டிருந்தது. அதன் சொந்தக்காரர் மருத்துவமனையில் படுத்திருக்கலாம், வேறு நாட்டில் தாயைப் பார்க்கப் போயிருக்கலாம். அயலவர் ஒருவரின் சொல்லை மட்டும் நம்பி இன்னொருவரின் உடைமையைத் தூக்கிச் செல்லாத கவுன்சில் எனக்கும் பாதுகாப்பானது என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

சில மாதங்களின் பின் பக்கக் கண்ணாடியை யாரோ உடைத்திருந்தார்கள். பதிவிலக்கத்தைக் கொடுத்தால் வரி நிலையை எவரும் பார்க்கக்கூடிய அரசாங்கப் பக்கத்தில் தேடியபோது, வரியும் காலாவதியாகியிருந்தது. மீண்டும் முறையிட்டேன். இம்முறை கண்ணாடியில் அறிவித்தல் ஒட்டப்பட்டு, அடுத்த வாரமே கார் ஏற்றிச் செல்லப்பட்டது. பெறுமதியுள்ள வாகனமென்றால் உரிமையாளரைத் தேடி அறிவித்து, அதை மீட்க அவருக்கு 7 நாள் தரவேண்டும். தனியார் காணியில் நின்றால் முதலில் காணிக்காரருக்கு 15 நாள் அறிவித்தல் கொடுக்கவேண்டும். கைவிட்டவருக்கு 200 பவுண் தண்டம் விதிக்கலாம்; வழக்கு நீதிமன்றம் போனால் 2,500 பவுண் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ கிடைக்கலாம்.

கார் யாரோ ஒருவருடையது. மெத்தை எங்களுடையது.

2021இல் வீடு மாறும்போது, பழைய மெத்தை ஒன்றையும் இரண்டு பை குப்பையையும் வான் வைத்திருந்த ஒருவரிடம் காசு கொடுத்து அனுப்பினோம். குப்பையைக் காசு கொடுத்து அகற்றியதால் கடமை முடிந்தது என்றே நானும் மனைவியும் நினைத்தோம். மூன்று வாரம் கழித்துக் கவுன்சிலின் அமலாக்கப் பிரிவிலிருந்து கடிதம் வந்தது. ஊருக்கு வெளியே ஒரு ஒழுங்கையில் கொட்டப்பட்டிருந்த குப்பையை அவர்கள் கிளறிப் பார்த்தபோது, எங்கள் பெயரும் முகவரியும் உள்ள கடிதவுறை ஒன்று கிடைத்திருக்கிறது. விளக்கமளிக்க வருமாறு அழைத்திருந்த அக்கடிதத்தின் சட்ட மொழியை நான்கு தடவை வாசித்தும் எனக்குப் பாதிதான் விளங்கியது. அன்றிரவு மனைவி உறங்கவில்லை.

1990ஆம் ஆண்டின் சுற்றாடல் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டுக்காரர் தம் குப்பையை அனுமதி பெற்றவரிடம்தான் ஒப்படைக்கவேண்டும். சுற்றாடல் முகவர் நிலையம் என்ற அரச அமைப்பின் பொதுப் பதிவேட்டில் வான்காரரின் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதும், பற்றுச்சீட்டு வாங்கி வைப்பதும் அதற்கான எளிய வழிகள். நாங்கள் இரண்டையும் செய்யவில்லை. வானின் இலக்கத்தைக்கூடக் குறித்து வைக்கவில்லை. வழக்கில்லாமல் கட்டி முடிக்கும் தண்டத்தைக் கட்டினோம். அத்தண்டத்தின் உச்சவரம்பு அப்போது 400 பவுண். 2023இல் 600 ஆக உயர்ந்தது. குப்பையைக் கொட்டியவருக்கோ அது 1,000 பவுண் வரை. பாரதூரமான வழக்குகளில் ஐந்தாண்டு வரை சிறையும் உண்டு.

இந்த விதி நியாயமானது என்றே நான் கருதுகிறேன். பொது இடத்தில் கொட்டியதைக் கவுன்சில் எங்கள் எல்லோருடைய வரிப்பணத்தில் அள்ளுகிறது. தனியார் வயலில் கொட்டினால் அந்த விவசாயியே தன் செலவில் அகற்றவேண்டும். ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளில், குப்பைத் தொட்டியின் நிறங்களைச் சொல்லித் தருபவர்கள் இதையும் சொல்லியிருக்கவேண்டும். புதிதாக வந்தவரிடம் தண்டச் சீட்டு வழியாக மட்டும் சட்டம் வந்து சேர்வது எனக்கு இன்னும் மனவருத்தம் தருகிறது.

கவுன்சில் பழைய தளபாடங்களை எடுக்கக் கட்டணம் வாங்குவதையும் முன்பு குறை சொல்லியிருக்கிறேன். பஞ்சு வைத்துத் தைத்த சோபாக்களில் தீத்தடுப்பு இரசாயனங்கள் இருக்கக்கூடும் என்பதால், 2023 முதல் அவற்றைப் புதைக்காமல் தனியாகப் பிரித்து எரிக்கவேண்டியிருக்கிறது. அந்தச் செலவை அறிந்தபின், மிக மலிவாக எடுத்துச் செல்கிறேன் என்பவரைக் கண்டால் அது எங்கே போய்ச் சேரும் என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.

எங்கள் சொந்தக் கார் ஓட முடியாத நிலைக்கு வந்தபோது, அனுமதி பெற்ற உடைப்பு நிலையத்திடம் ஒப்படைத்து, அழிப்புச் சான்றிதழ் வாங்கி, வாகனப் பதிவு அலுவலகத்துக்கும் அறிவித்தேன். 2013ஆம் ஆண்டின் சட்டப்படி பழைய இரும்புக்குக் காசாகப் பணம் தர முடியாது என்பதால், தொகை வங்கிக் கணக்குக்கே வந்தது.

போன மாதம் மேல்மாடிக்குக் குடிவந்த இளம் தம்பதியினர், பழுதான குளிர்சாதனப் பெட்டியை எடுக்க ஒரு வான்காரர் வருவதாகச் சொன்னார்கள். மேசையில் அமர்ந்து மூவரும் பதிவேட்டில் தேடினோம். அவர் கொடுத்த பெயர் அங்கே இல்லை. தம்பதியரில் ஒருவர் உடனே வான்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, கவுன்சிலில் நாள் பதிவு செய்தார். வியாழக்கிழமை காலை வண்டி வந்து பெட்டியை ஏற்றிச் சென்றது. பதிவு எண் எழுதிய தாளை அவர்கள் கதவுக்குப் பின்னால் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.