‘இரண்டும்’ வேறு, ‘இரண்டுமில்லை’ வேறு

உயர்நிலை மூன்றில் என் வேதியியல் தாள் திரும்பி வந்தபோது, துத்தநாக ஆக்சைடுக்கு நேராகச் சிவப்பு மையில் பெருக்கல் குறி. ‘நியூட்ரல்’ என்று எழுதியிருந்தேன். அமிலத்தோடும் வினைபுரிகிறது, காரத்தோடும் வினைபுரிகிறது, அப்போது நடுநிலைதானே என்பது என் கணக்கு. சரியான விடை ‘ஆம்ஃபோட்டெரிக்’. பத்து முறை எழுதி மனப்பாடம் செய்தும் அடுத்த தேர்வில் அதே தப்பு.

அம்மா தமிழ்நாட்டில் தமிழ்வழியில் படித்தவர். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “ஈரியல்பு ஆக்சைடுடா இது. பேரிலேயே இருக்கே!” என்றார். தமிழ்ப் பெயர் இவ்வளவு சொன்னால் ஆங்கிலப் பெயரும் ஏதாவது சொல்லுமே என்று அகராதியைப் புரட்டினேன்.

கிரேக்கத்தில் ‘ஆம்ஃபோட்டெரோஸ்’ என்றால் ‘இரண்டும்’. நீரிலும் நிலத்திலும் வாழும் தவளையை ஆம்ஃபிபியன் என்பதும், இரு பக்கமும் கைப்பிடி வைத்த பழைய ஜாடியை ஆம்ஃபொரா என்பதும் இதே உறவில் வந்தவை. சரி, நியூட்ரல்? அது லத்தீன் ‘நெயூட்டெர்’, ‘இரண்டில் எதுவுமில்லை’. நான் குழப்பிய இரண்டு சொற்களும் நேர் எதிர் சொற்கள்! கார்பன் மோனாக்சைடு அமிலத்தோடும் சேராது, காரத்தோடும் சேராது; அது நியூட்ரல். துத்தநாகம், அலுமினியம், ஈயம் இவற்றின் ஆக்சைடுகள் இரண்டோடும் சேரும், அவை ஆம்ஃபோட்டெரிக். அதற்கப்புறம் நான் தடுமாறவே இல்லை.

ஓ நிலைத் தேர்வு (உயர்நிலைப் பள்ளி இறுதித் தேர்வு) எழுதப்போகும் தம்பி தங்கைகளே, எல்லாச் சொல்லுக்கும் வேர் தேடி உட்காராதீர்கள், நேரம் போய்விடும். ஜோடியாகக் குழப்புகிற சொற்களுக்கு மட்டும் பாருங்கள். வேர் சில நேரம் ஏமாற்றவும் செய்யும். ஆக்சிஜன் என்றால் ‘அமிலத்தை உண்டாக்குவது’; பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே எல்லா அமிலத்திலும் அது இருக்கும் என்று நம்பித்தான் அப்படிப் பெயர் வைத்தார். ஆனால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே கிடையாது.

செய்முறைத் தேர்விலும் ஒரு பள்ளம் உண்டு. கரைசலில் எந்த உலோகம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் சோதனையில், சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்ததும் வரும் வெள்ளை வீழ்படிவு (கரையாமல் பிரியும் திடப்பொருள்) மிகையான சோடியம் ஹைட்ராக்சைடில் கரைந்தால் துத்தநாகம், அலுமினியம், ஈயம் மூன்றில் ஒன்று. மிகையான அம்மோனியாவிலும் கரைந்தால் துத்தநாகம். ஆனால் அம்மோனியாவில் கரைவதற்குக் காரணம் அணைவு அயனி (உலோக அயனியோடு அம்மோனியா மூலக்கூறுகள் இணைந்த அயனி) உருவாவது. அங்கே போய் ‘ஆம்ஃபோட்டெரிக் என்பதால்’ என்று எழுதிவிடாதீர்கள், நான் எழுதினேன்.