அம்மாவுக்கு இடம் தேடிய ஏழு மாதம்

இந்த வருஷம் தை மாதம், சேலம் அம்மாபேட்டை வீட்டு மாடிப்படியில் அம்மா கால் இடறி உட்கார்ந்துவிட்டார். எலும்பு முறியவில்லை. ஆனால் போன் சமையல் மேடையில் கிடந்ததால், எதிர்வீட்டு அக்கா இட்லி மாவு கொடுக்க வந்து எட்டிப் பார்க்கிறவரை ஒன்றரை மணி நேரம் அந்தப் படியிலேயே இருந்திருக்கிறார். நான் சென்னையில், என் அக்கா ஈரோட்டில். அம்மா ஈரோட்டில் இரண்டு வாரம், சென்னையில் பத்து நாள் இருந்து பார்த்துவிட்டு, "சேலத்தை விட்டு வரமாட்டேன், தனியாவும் இருக்கமாட்டேன், ரெண்டுக்கும் சேர்த்து ஒரு வழி பாரு" என்றார். வயது 76.

பெரியப்பா போன் செய்து, பெற்றவளை ஹோமில் விடுவதற்கா படிக்க வைத்தார்கள் என்று என்னைப் பிடித்துக்கொண்டார். அம்மா போனை வாங்கி, "அப்போ நான் உங்க வீட்டுக்கே வந்துடட்டுங்களா மாமா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு வரவில்லை.

முதியோர் குடியிருப்பு என்று தேடத் தொடங்கி, முதலில் ஏற்காடுதான் பார்த்தோம். உண்மையைச் சொன்னால் அது என் ஆசை. சித்திரையில் போனோம், காபிச் செடிகள் பூத்திருந்தன, மல்லிகை மாதிரி வாசம், தோட்டத்து நடுவே ஓட்டு வீடுகள், நான் மனதுக்குள் முன்பணமே கொடுத்துவிட்டேன். அம்மா மட்டும் வீட்டுக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவில் இருந்த சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கால் தேய்ந்தவருக்கு அந்தச் சரிவு போதும். திரும்பி இறங்கும்போது சீசன் கூட்டம், இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் ஒரு சுற்றுலா பஸ் திரும்ப முடியாமல் நின்றுவிட, காருக்குள் நாற்பது நிமிடம். மடியில் இருந்த தட்டுவடை செட் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே அம்மா கேட்டார்: "எனக்கு நெஞ்சு வலி வந்து நீ கூட்டிட்டுப் போறப்ப இந்த பஸ் முன்னாடி நின்னா என்னடா பண்ணுவ?" ஏற்காடு அங்கேயே முடிந்தது.

கீழே, சேலத்தைச் சுற்றியும் கொஞ்சம் தள்ளியும் நான்கு இடம் பார்த்தோம். எல்லா இடத்திலும் பளபளப்பான புத்தகம் கொடுத்தார்கள், எல்லாவற்றிலும் வெள்ளைத் தலை தம்பதி சிரித்துக்கொண்டு கேரம் ஆடினார்கள். இரண்டாவது இடத்துக்குப் பிறகு அக்கா ஒரு இன்ச் டேப் எடுத்துவர ஆரம்பித்தாள். பாத்ரூம் கதவை அளப்பாள், வீல்சேர் போகுமா என்று. ஓர் இடத்தில் பாத்ரூமில் அவசர மணிக்கு ஒரு சிவப்புக் கயிறு இருந்தது, தரை வரைக்கும் தொங்க வேண்டியது. அதைச் சுருட்டி, தோள் உயரத்துக்கு மேலே முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள். கேட்டால், கழுவும்போது நனைகிறதாம். கீழே விழுந்தவர் எழுந்து நின்று இழுத்தால்தான் மணி அடிக்கும். அக்கா எம்பி இழுத்தாள், ஆள் வர ஆறு நிமிடம். அது மேனேஜர் எங்களோடு நின்றுகொண்டிருந்த பகல் நேரம்.

அப்புறம் பணம். மூன்று விதமாகக் கேட்கிறார்கள். சொந்தமாக வாங்குவது, திருப்பித் தரும் டெபாசிட் போட்டு மாதாமாதம் கட்டுவது, டெபாசிட் கம்மியாக வெறும் வாடகை மாதிரி கட்டுவது. சொந்தமாக வாங்கச் சொன்ன இடத்தில் ஒற்றைப் படுக்கையறை 44 லட்சம், பராமரிப்பும் சாப்பாடும் தனி. பின்னால் விற்றால் 55 வயது தாண்டியவருக்குத்தான் விற்க வேண்டும், அதிலும் அவர்களுக்கு ஒரு பெயர் மாற்றக் கட்டணம். அம்மாவுக்குப் பிறகு நானும் அக்காவும் வயசான ஆளைத் தேடிக்கொண்டு அலைய வேண்டியதுதான். வேண்டாம் என்றோம்.

அம்மாபேட்டை வீட்டை விற்று டெபாசிட் போடலாமா என்றும் யோசித்தோம். ஆடிட்டர் தடுத்தார். பழைய வீட்டை விற்ற லாபத்தில் இன்னொரு வீடு வாங்கினால் வருமான வரி விலக்கு கேட்கலாம். டெபாசிட் போட்டுக் குடியிருப்பது வீடு வாங்கியதாகாது, லாபத்துக்கு வரி கட்டத்தான் வேண்டும். அதனால் வீட்டை 12,000 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டோம். அம்மாவுக்கும் அது நிம்மதி, "பிடிக்கலைன்னா திரும்பிப் போக ஒரு கதவு இருக்கு" என்றார்.

கடைசியில் பிடித்துப்போன இடம் ஊரிலிருந்து அரைமணி நேரம், ஒரே தரைத்தளம், பெரிய ஆஸ்பத்திரிக்கு நேர் ரோடு. டெபாசிட் 18 லட்சம், மாதம் 27,000, சாப்பாடு சேர்த்து. முதல் கணக்குச் சீட்டைக் கேட்டு வாங்கியபோதுதான் 31,860 என்று இருந்தது. 18 சதவீதம் ஜிஎஸ்டியைப் புத்தகத்தில் ஓர் ஓரத்தில் எறும்பு எழுத்தில் போட்டிருந்தார்கள். வரிவிலக்குப் பதிவு உள்ள அறக்கட்டளை நடத்தும் முதியோர் இல்லமாக இருந்து, மாதக் கட்டணம் 25,000-க்குள் இருந்தால் அந்த வரி கிடையாது. இது கம்பெனி, அதனால் உண்டு.

அம்மாவின் வரவு: குடும்ப ஓய்வூதியம் 21,000, வீட்டு வாடகை 12,000, தபால் ஆபீஸ் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 15 லட்சம் போட்டதற்கு 8.2 சதவீத வட்டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750. மாதத்துக்குக் கூட்டினால் 43,250. மருந்து போக மிச்சம் நிற்கும். இன்றைக்கு நிற்கும், சரி. ஆண்டுக்கு எட்டு சதவீதம் ஏற்றுவோம் என்றார்கள், எட்டு சதவீதத்தில் ஒன்பது வருஷத்தில் கட்டணம் இரட்டிப்பாகும், ஓய்வூதியம் அந்த வேகத்தில் ஏறாது. அந்த இடைவெளியை நானும் அக்காவும் பாதிப்பாதி போடுவது என்று அப்போதே பேசிக்கொண்டோம். டெபாசிட்டுக்கு அம்மாவின் வைப்புத்தொகை பத்து, நாங்கள் ஆளுக்கு நான்கு. யார் எவ்வளவு போட்டது, திரும்பி வந்தால் யாருக்கு எவ்வளவு என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். "உங்களுக்குள்ள எதுக்குடா பத்திரம்" என்று அம்மா முறைத்தார். அக்கா வீட்டுக்காரர் முன்னால் அந்தத் தாள் இருப்பது எனக்கு நல்லதாகப் பட்டது.

ஒப்பந்தம் பதினான்கு பக்கம். உள்ளே போவதைப் பற்றி பதின்மூன்று, வெளியே வருவதைப் பற்றி ஒரே ஒரு பத்தி. அந்தப் பத்தியைத்தான் தெரிந்த வக்கீல் முதலில் படித்தார். டெபாசிட்டைப் பத்து சதவீதம் பிடித்துக்கொண்டு, "அறைக்கு அடுத்தவர் வந்தபின்" திருப்பித் தருவார்களாம். அடுத்தவர் வரவே இல்லையென்றால்? பதில் இல்லை. அடுத்தவர் வந்தபின் அல்லது 120 நாட்கள், எது முந்தியோ அது, என்று மாற்ற மூன்று வாரம் போராடினோம். முதலில் முடியாது என்றவர்கள், அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டதும் மாற்றினார்கள். இன்னொன்று, அவர்கள் வைத்திருந்தது வெறும் நோட்டரி தாள். ஒரு வருஷத்துக்கு மேல் போகிற குத்தகையைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று வக்கீல் பிடிவாதம் பிடிக்க, சார்பதிவாளர் ஆபீஸில் ஒரு அரைநாள். பணம் முழுக்க வங்கி வழியாக. இரண்டு லட்சம் ரொக்கமாகத் தந்தால் "அட்ஜஸ்ட்" செய்கிறோம் என்றதற்கு நான் சிரித்துவைத்தேன்.

ஒரு விஷயம் மட்டும் மாறவே இல்லை. ஞாபக மறதி நோய் வந்து, "பிறருக்கு இடைஞ்சல்" என்று அவர்கள் முடிவு செய்தால், முப்பது நாளில் குடும்பத்தார் அழைத்துப்போக வேண்டும். யார் முடிவு செய்வது, எந்த டாக்டர் என்று கேட்டதற்கு, நிர்வாகம் என்று ஒரே வார்த்தை. நான் எழுந்து வந்துவிடலாம் என்றேன். அம்மா கண்ணாடியைப் போட்டு அந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டு, "எனக்கு அப்படி ஆச்சுன்னா வெளியில போட்டதுகூட எனக்குத் தெரியாதுல்ல, குடு" என்று பேனாவை வாங்கிக்கொண்டார். அக்கா வெளியே போய் நின்றாள்.

ஆடி முடிந்த பிறகுதான் குடி போவேன் என்றார், ஆவணி முதல் வாரத்தில் போனோம். கேஸ் அடுப்பு கூடாது, இண்டக்‌ஷன் வைத்துக்கொள்ளலாம், கோலம் வாசலில் இரண்டடிக்குள். காபி மட்டும் தானே போட்டுக்கொள்கிறார், அங்கே தருவது பாயசமாம்.

முதல் மாத பில் எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. கட்டணம், வரி, கரண்ட், கடைசியாக "விருந்தினர் சாப்பாடு 9 x 120". நாங்கள் இரண்டு முறைதான் போயிருந்தோம், ஏமாற்றுகிறார்கள் என்று கோபமாக அம்மாவைக் கூப்பிட்டேன். "ஞாயித்துக்கிழமை அம்மாபேட்டை ஆளுங்க வந்தாங்க, ஒரு வேன்ல. சாப்பிடாம அனுப்பச் சொல்றியா?" என்றார்.